தங்கையை மெடிக்கல் கோடிங்கில் சேர்க்கலாமா?

தங்கை பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள், மெடிக்கல் கோடிங்கில் சேர்க்கலாமா, அது வெறும் டேட்டா என்ட்ரிதானே, இரண்டு வருடத்தில் ஏ.ஐ. வந்து எல்லாவற்றையும் தூக்கிவிடும் என்கிறார்களே, அப்புறம் அப்பா நைட் ஷிப்ட் என்றால் வேண்டவே வேண்டாம் என்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் மைக்ரோபயாலஜிதான். 2011-ல் திருச்சியிலிருந்து ஒரு பையோடு சென்னைக்கு வந்து இந்த வேலையில் சேர்ந்தேன், இன்றும் இதில்தான் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் டேட்டா என்ட்ரி என்ற பேச்சு. என் சொந்தக்காரர்களே பல வருடம் அப்படித்தான் சொன்னார்கள், "கம்ப்யூட்டரில் நம்பர் அடிக்கிற வேலை" என்று. நம்பர் அடிப்பது ஒரு சார்ட்டில், அதாவது ஒரு நோயாளியின் மருத்துவப் பதிவில், கடைசி ஐந்து நிமிடம். அதற்கு முன்னால் இருக்கிற ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ படிப்பு, படிப்பு, படிப்பு மட்டும்தான். நான் பார்ப்பது இன்பேஷன்ட் கோடிங், அதாவது அமெரிக்காவில் ஒரு ஆஸ்பத்திரியில் படுக்கையில் சேர்ந்து சிகிச்சை முடிந்து வெளியே போனவர்களுடைய சார்ட். எமர்ஜென்சியில் நுழைந்த நேரத்திலிருந்து டிஸ்சார்ஜ் வரை டாக்டர்கள் எழுதியது, கூப்பிட்டுப் பார்த்த ஸ்பெஷலிஸ்டுகள் எழுதியது, ஆபரேஷன் நோட், லேப், ஸ்கேன், நர்ஸ் குறிப்பு எல்லாம் சேர்ந்து சில சமயம் நாற்பது பக்கம், ஐ.சி.யூ.வில் மாதக்கணக்கில் கிடந்தவர் என்றால் நானூறைத் தாண்டும். இதை முழுக்கப் படித்து, இவர் எதற்காக உள்ளே வந்தார், வேறு என்னென்ன நோய்கள் இருந்தன, என்னென்ன செய்தார்கள் என்பதை ஐ.சி.டி.-10 என்ற குறியீட்டு முறையின் கோடுகளாக மாற்ற வேண்டும். நோய்க்கு ஒரு புத்தகம், ஆபரேஷன் மாதிரியான சிகிச்சைகளுக்கு வேறொரு புத்தகம். நோய்க் கோடுகள் மட்டும் 70,000-க்கு மேல். யாரும் மனப்பாடம் செய்வதில்லை, பயப்பட வேண்டாம்.

இதற்கு ஏன் இவ்வளவு காசு கொடுத்து ஆள் வைக்கிறார்கள் என்பது புரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும். 1983-க்கு முன்னால் அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், ஆஸ்பத்திரிக்கு ஆன செலவைப் பார்த்துக் கொடுத்துவந்தது. பத்து நாள் வைத்திருந்தால் பத்து நாளுக்கும் காசு. செலவு கட்டுக்கு அடங்காமல் போனதும் முறையை மாற்றினார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃபெட்டர், ஜான் தாம்சன் என்ற இருவர் ஏற்கெனவே நோயாளிகளைக் குழுக்களாகப் பிரிக்கும் ஒரு முறையை உருவாக்கியிருந்தார்கள். அதுதான் டி.ஆர்.ஜி. ஒரே மாதிரி நோய், ஒரே மாதிரி சிகிச்சை, ஏறக்குறைய ஒரே செலவு ஆகிறவர்கள் எல்லாம் ஒரு குழு, அந்தக் குழுவுக்கு ஒரு தொகை. மூன்று நாளில் அனுப்பினாலும் ஏழு நாளில் அனுப்பினாலும் பொதுவாக அதே தொகைதான். எந்தக் குழு என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? டாக்டர் இல்லை, பில்லிங் மேனேஜர் இல்லை. கோடர் போடுகிற கோடுகளை வைத்து மென்பொருள் முடிவு செய்கிறது. அம்பத்தூரிலோ பெருங்குடியிலோ உட்கார்ந்திருக்கிற ஒருவர் எந்த நோயை முதலில் வைக்கிறார் என்பதைப் பொறுத்து ஆஸ்பத்திரிக்குப் போகிற பணம் ஆயிரக்கணக்கான டாலர் ஏறும், இறங்கும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். யாருடைய சார்ட்டும் இல்லை, அடிக்கடி வருகிற வகை என்பதால் நானே கோத்துச் சொல்கிறேன். எண்பது வயதை நெருங்கிய ஒரு பாட்டி, முதியோர் இல்லத்திலிருந்து ஆம்புலன்ஸில் வருகிறார். காய்ச்சல், ஆளை அடையாளம் தெரியாத குழப்பம், நாடித்துடிப்பு 118, வெள்ளணுக்கள் 19,000, சிறுநீரில் தொற்று, ரத்தக் கல்ச்சரில் ஈ.கோலை என்ற பாக்டீரியா வளர்கிறது. எமர்ஜென்சி டாக்டர் "செப்சிஸாக இருக்கலாம்" (தொற்று உடல் முழுவதையும் பாதித்து உயிருக்கே ஆபத்தாகும் நிலை) என்று எழுதி ஆன்டிபயாட்டிக், சலைன் எல்லாம் ஏற்றி மேலே அனுப்புகிறார். வார்டில் பார்த்த டாக்டர் ஐந்து நாளும் ஒரே வார்த்தையை எழுதுகிறார்: யூரோசெப்சிஸ். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அதுவே.

மைக்ரோபயாலஜி படித்த உங்கள் தங்கையும் நானும் படித்தால் என்ன தோன்றும்? சிறுநீர்ப் பாதையில் ஆரம்பித்த தொற்று ரத்தத்துக்குப் போயிருக்கிறது, இது செப்சிஸ், சந்தேகமே இல்லை. ஆனால் யூரோசெப்சிஸ் என்ற வார்த்தைக்கு ஐ.சி.டி.-10-ல் கோடே கிடையாது. சில டாக்டர்கள் வெறும் சிறுநீர்த் தொற்றைக்கூட அப்படித்தான் எழுதுவார்கள், சிலர் உண்மையான செப்சிஸை அப்படி எழுதுவார்கள். அதனால் கோடர்களுக்கான விதிப் புத்தகமான கைட்லைன் தெளிவாகச் சொல்கிறது: இது பொருள் குறிப்பிடாத சொல், எதுவும் நீங்களாக வைத்துக்கொள்ளாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். சிறுநீர்த் தொற்று என்று போட்டு, பெரிய சிக்கல் எதுவும் பதிவாகாவிட்டால் டி.ஆர்.ஜி. 690. செப்சிஸ் என்று போட்டு, கூடவே பெரிய சிக்கல் ஒன்றும் பதிவாகியிருந்தால் 871. இரண்டுக்கும் நடுவில் தொகை இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

இந்த இடத்தில்தான் கோடர் யார் என்பது தெரியும். எனக்குத் தெரிகிறது என்பதற்காக நான் செப்சிஸ் போட முடியாது. போட்டால் அது பொய் பில். வேலை முடிய வேண்டும் என்பதற்காகச் சிறுநீர்த் தொற்று என்று போட்டு மூடவும் கூடாது, உண்மையிலேயே சாவின் விளிம்புக்குப் போய் வந்த ஒரு நோயாளியைச் சாதாரணத் தொற்று என்று பதிவு செய்வதும் தவறுதான். டாக்டருக்கு க்வெரி, அதாவது விளக்கம் கேட்டு எழுத்தில் ஒரு கேள்வி, போக வேண்டும். இங்கே இருக்கிற நாங்கள் நேரடியாக டாக்டரிடம் பேசுவதில்லை, சார்ட்டை நிறுத்தி வைத்து ஆஸ்பத்திரியின் ஆவணக் குழுவுக்கு அனுப்புவோம், அங்கே பெரும்பாலும் அனுபவமுள்ள நர்ஸ்கள் இருப்பார்கள். க்வெரி எழுதுவதற்கும் முறை உண்டு. "இது செப்சிஸ்தானே?" என்று கேட்கக் கூடாது. நாடித்துடிப்பு இவ்வளவு, கல்ச்சரில் இது, கொடுத்த சிகிச்சை இது என்று சார்ட்டில் இருப்பதை மட்டும் அடுக்கி, யூரோசெப்சிஸ் என்று எழுதியதன் பொருள் என்ன என்று கேட்டு, செப்சிஸ், செப்சிஸ் இல்லாத சிறுநீர்த் தொற்று, வேறு ஏதாவது, சொல்ல இயலவில்லை என்று தேர்வுகளைக் கொடுக்க வேண்டும். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரக் கூடாது. அவர் எதை எழுதுகிறாரோ அதுதான் கோடு.

நான் புதிதில் இதில் ரொம்பக் கோபப்பட்டிருக்கிறேன். படித்துவிட்டு வந்திருக்கிறோம், லேப் ரிப்போர்ட் கண் முன்னால் இருக்கிறது, சோடியம் 128 என்று சிவப்பில் காட்டுகிறது, ஹைப்போநெட்ரீமியா (ரத்தத்தில் சோடியம் குறைவு) என்று போட ஏன் விட மாட்டேன் என்கிறார்கள் என்று. நாம் போட்ட கோடுகளை இன்னொருவர் சரிபார்ப்பதுதான் ஆடிட், என் முதல் ஆடிட்டில் விழுந்த எரர் இதுதான். ஆடிட்டர் ஒரு அக்கா, பக்கத்தில் உட்கார வைத்து, "டாக்டர் அதைப் பார்த்தாரா, அது முக்கியம் என்று நினைத்தாரா, அதற்கு ஏதாவது செய்தாரா, எங்கே எழுதியிருக்கிறார் காட்டு" என்று கேட்டார். நான் சார்ட் முழுக்கத் தேடினேன். எங்கேயும் இல்லை. லேப் எண் மட்டும்தான் இருந்தது. எண் நோயாகாது, அதை நோய் என்று சொல்ல உரிமை உள்ளவர் சொன்னால்தான் நோய். இந்த ஒரு விஷயம் ரத்தத்தில் ஊறாத வரைக்கும் எவ்வளவு அனாட்டமி தெரிந்தாலும் நல்ல கோடர் ஆக முடியாது. அதிகம் படித்தவர்கள்தான் இதில் அதிகம் தடுக்கி விழுகிறார்கள், டாக்டருக்குப் படித்துவிட்டு இங்கே வந்தவர்கள்கூட. அவர்களுடைய மூளை நோயைக் கண்டுபிடிக்கத்தான் பழகியிருக்கிறது. இங்கே கண்டுபிடிக்கக் கூடாது.

இதற்கு நேர் எதிராக, நாமே இரண்டை முடிச்சுப் போடலாம் என்று கைட்லைனே அனுமதிக்கிற இடங்களும் உண்டு. ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று ஒரு பக்கத்தில் இருக்கும், நாள்பட்ட சிறுநீரக நோய் என்று இன்னொரு பக்கத்தில் இருக்கும், சர்க்கரையால்தான் சிறுநீரகம் போனது என்று டாக்டர் எங்கேயும் எழுதியிருக்க மாட்டார். பரவாயில்லை, சம்பந்தம் இல்லை என்று அவர் தெளிவாக எழுதாத வரை சம்பந்தம் உண்டு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ரத்த அழுத்தமும் இதயச் செயலிழப்பும் அப்படித்தான். எங்கே முடிச்சுப் போடலாம், எங்கே போடக் கூடாது என்பது உங்கள் மருத்துவ அறிவிலிருந்து வராது, விதியிலிருந்துதான் வரும். அதனால்தான் நான் யாரைப் பார்த்தாலும் கோடைப் படிக்காதே, கைட்லைனைப் படி என்று சொல்கிறேன்.

இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்தது. "நிமோனியாவாக இருக்கலாம்" என்று டாக்டர் எழுதுகிறார். வெளிநோயாளியாக வந்துவிட்டுப் போனவர் என்றால் நிமோனியா போடக் கூடாது, இருமல், காய்ச்சல் என்று அறிகுறிகளைத்தான் போட வேண்டும். அதே வாக்கியம் உள்நோயாளியின் டிஸ்சார்ஜ் சம்மரியில் கடைசி வரைக்கும் அப்படியே இருந்தால் நிமோனியா என்றே போடலாம். ஏனென்றால் நான்கைந்து நாள் வைத்துப் பார்த்து, நிமோனியாவுக்கான மருந்தையே கொடுத்து, கடைசியிலும் அவர் அந்தச் சந்தேகத்தை விடவில்லை, செலவும் உழைப்பும் நிமோனியாவுக்கு ஆனதுதான். ஒரே சொல், இடம் மாறினால் பொருள் மாறுகிறது. இதில் கோவிட் போன்ற சில நோய்களுக்கு விலக்கு உண்டு, அவை உறுதியானால் மட்டுமே போட வேண்டும்.

சொல் என்றதும் ஞாபகம் வருகிறது, டாக்டர்களின் சுருக்கெழுத்து. எம்.எஸ். என்றால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸா, மைட்ரல் ஸ்டினோசிஸா, மார்ஃபின் சல்ஃபேட்டா? முன்னும் பின்னும் படித்தால்தான் தெரியும். அப்புறம் காப்பி பேஸ்ட் தொல்லை. முதல் நாள் "அக்யூட் கிட்னி இஞ்சுரி" (சிறுநீரகத்துக்குத் திடீர்ப் பாதிப்பு) என்று எழுதியது, மூன்றாம் நாள் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் சரியான பிறகும், டிஸ்சார்ஜ் வரைக்கும் அதே வரி நகர்ந்துகொண்டே வரும். இதயச் செயலிழப்பில் "அக்யூட்" (திடீரென வந்தது) என்ற ஒரு சொல் இருந்தால் அது பெரிய சிக்கல் வகையில் விழும், "க்ரானிக்" (நாள்பட்டது) என்றிருந்தால் ஒரு படி கீழே. அந்த ஒரு சொல் இன்று எழுதப்பட்டதா, போன வருட அட்மிஷனிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்ததா என்று பார்ப்பவர் நாம்தான்.

ஆபரேஷன் கோடுகள் தனி உலகம். ஏழு இடங்கள், ஒவ்வோர் இடத்திலும் ஓர் எழுத்தோ எண்ணோ, எந்த உறுப்பு, எந்த வழியாகப் போனார்கள், என்ன செய்தார்கள், உள்ளே ஏதாவது வைத்தார்களா என்று. ஓ, ஐ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளை அதில் பயன்படுத்துவதே இல்லை, பூஜ்யம், ஒன்று என்று குழம்பிவிடும் என்பதால். இதில் ஓர் உறுப்பை முழுதாக எடுத்தால் ஒரு சொல், கொஞ்சம் எடுத்தால் வேறு சொல். நுரையீரலின் ஒவ்வொரு மடலும் இங்கே தனி உறுப்பாகக் கணக்கு. ஆபரேஷன் நோட்டின் தலைப்பில் மடலை எடுத்ததாக இருக்கும், உள்ளே வரிவரியாகப் படித்தால் ஓர் ஓரத்தைத்தான் வெட்டியிருப்பார். தலைப்பைப் பார்த்துப் போட்டவர்கள் ஆடிட்டில் மாட்டுவார்கள். இங்கே மட்டும் டாக்டர் நம்முடைய சொல்லை எழுத வேண்டியதில்லை, அவர் செய்ததைப் படித்து எந்தச் சொல் பொருந்தும் என்று தீர்மானிப்பது கோடரின் பொறுப்பு என்று விதியே சொல்கிறது. என் வேலையில் நான் அதிகம் ரசித்துச் செய்வது இதுதான், யூடியூபில் ஒரு முதுகெலும்பு ஆபரேஷனை மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து நோட்டைப் படிக்கும்போது ஒவ்வொரு வரியும் கண்ணில் தெரியும்.

பணத்தைப் பற்றியே பேசிவிட்டேன், வேலையில் மனசைப் பிடிக்கிற இடங்கள் வேறு. ஒவ்வொரு நோய்க் கோடுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் உண்டு, ஆஸ்பத்திரிக்கு வரும்போதே இருந்ததா, வந்த பிறகு வந்ததா என்று. படுக்கைப் புண் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நிலை, நான்காம் நிலைப் புண் ஆஸ்பத்திரியில் வைத்து உண்டானது என்றால், அதற்காகக் கூடுதல் தொகை கிடையாது என்று 2008 அக்டோபரிலிருந்து மெடிகேர் சொல்லிவிட்டது. ஒரு நோயாளியை நான்கு மணி நேரம் புரட்டிப் போடாமல் விட்டார்களா, அல்லது முதியோர் இல்லத்திலிருந்தே புண்ணோடு வந்தாரா என்பது அந்த ஒரு கட்டத்தில் இருக்கிறது. புண் இருக்கிறது என்று டாக்டர் எழுத வேண்டும், எந்த நிலை என்பதை நர்ஸ் எழுதியதிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். முதல் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு நர்ஸ் தோலைத் தடவிப் பார்த்து எழுதிய இரண்டு வரியைத் தேடி நான் அரை மணி நேரம் செலவழித்திருக்கிறேன். கிடைத்தபோது, முகம் தெரியாத அந்த நர்ஸுக்கு நன்றி சொல்லத் தோன்றியது.

2020-ம் மறக்காது. ஏப்ரல் 1 முதல் கோவிடுக்கு யூ 07.1 என்ற புதுக் கோடு வந்தது. வழக்கமாகப் புதுக் கோடுகள் அக்டோபரில்தான் வரும், அந்த வருடம் காத்திருக்க முடியவில்லை. எங்களுக்கு ஆபீஸ் கம்ப்யூட்டரை வேனில் ஏற்றி வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். சார்ட் எல்லாம் ஒரே மாதிரி: மூச்சுத் திணறல், ஆக்ஸிஜன், வென்டிலேட்டர், பதினான்கு நாள், இருபது நாள். நோயாளி எங்கே போனார் என்று கடைசியில் ஒரு குறியீடு போட வேண்டும், வீட்டுக்குப் போனால் 01, இறந்துவிட்டால் 20. அந்த மாதங்களில் 20 போட்டுப் போட்டு ஒருநாள் எழுந்து போய் மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தேன். டேட்டா என்ட்ரி என்று சொன்னவர்களிடம் இதைத்தான் சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

சரி, ஏ.ஐ. பொய் சொல்லித் தேற்ற மாட்டேன். எக்ஸ்ரே, ஸ்கேன் ரிப்போர்ட் மாதிரி ஒரு பக்கத்தில் முடிகிற, ஒரே அச்சில் வருகிற வேலைகளில் மனிதர் தொடாமலே கோடு போகிற நிலை வந்துவிட்டது. எமர்ஜென்சி சார்ட்டிலும் எளிதானவை அப்படிப் போகத் தொடங்கியிருக்கின்றன. பிரச்சினை என்னவென்றால் எங்கள் காலத்தில் ஃப்ரெஷரை முதலில் போடுகிற இடமே அதுதான். அங்கே ஒரு வருடம் கை பழகி, பிறகு சர்ஜரி, பிறகு இன்பேஷன்ட் என்று ஏறுவோம். ஏணியின் கீழ்ப்படிகள் குறைகின்றன, மேல்படிக்கு ஆள் தேவை இருக்கிறது. இது உங்கள் தங்கை வயதில் உள்ளவர்களுக்கு நியாயமற்றதுதான், கம்பெனிகள் இதை யோசித்துப் பயிற்சியை மாற்ற வேண்டும். நானூறு பக்கத்தில் ஒன்றுக்கொன்று முரணாக மூன்று டாக்டர்கள் எழுதியிருக்கும்போது மென்பொருள் காட்டுகிற கோடுகளில் எது நிற்கும், எது நிற்காது என்று சொல்லி, இன்ஷூரன்ஸ் கம்பெனி மறுத்தால் எதை வைத்து வாதாடலாம் என்று தெரிந்த ஆள் இன்றைக்கும் வேண்டியிருக்கிறது. மென்பொருளும் நான் புதிதில் செய்த அதே தப்பைத்தான் செய்கிறது, சோடியம் 128-ஐப் பார்த்து ஹைப்போநெட்ரீமியா என்று நீட்டுகிறது. அதை அழிக்கத் தெரிந்தவராக உங்கள் தங்கை வர வேண்டும் என்றால் முதல் நாளிலிருந்தே விதியோடு படிக்க வேண்டும், மென்பொருள் காட்டுவதை ஒத்துக்கொள்கிற பட்டனை ஆறு மாதம் அழுத்தியே பழகினால் அந்தப் பட்டனோடு போய்விடுவாள்.

இன்ஷூரன்ஸ் மறுப்பு என்றேன். அதுவும் இப்போது வேலையில் பெரிய பங்கு. டாக்டர் செப்சிஸ் என்று தெளிவாக எழுதியிருப்பார், நாமும் போட்டிருப்போம், ஆனால் 2016-ல் வந்த புதிய வரையறைப்படி உறுப்புப் பாதிப்பு காட்டப்படவில்லை என்று இன்ஷூரன்ஸ் தட்டிக்கழிக்கும். ஆஸ்பத்திரி பழைய வரையறையில் நிற்கும். டாக்டர் எழுதியதைப் போட்ட நம்முடைய கோடு விதிப்படி சரி, ஆனால் காசு வராது. அதனால் எழுதியிருப்பதற்குச் சார்ட்டில் ஆதாரம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பில் போவதற்கு முன்பே அதையும் கேள்வியாக்க வேண்டியிருக்கிறது. தவறான பில்லை அரசுக் காப்பீட்டுக்கு அனுப்பினால், உள்நாட்டுப் போர்க் காலத்தில் 1863-ல் போட்ட ஒரு சட்டம் இன்னும் அங்கே உயிரோடு இருக்கிறது, நஷ்டத்தின் மூன்று மடங்கு வரை கட்ட வைக்கும். கோடுகளை வேண்டுமென்றே ஏற்றிப் போடச் சொல்கிற இடம் எதுவாக இருந்தாலும் அங்கே நிற்க வேண்டாம் என்று தங்கையிடம் சொல்லுங்கள்.

பயிற்சி மையங்களைப் பற்றி. எனக்குத் தெரிந்த ஒரு பெண் நகையை அடகு வைத்து ஒரு மையத்தில் பணம் கட்டினாள், நூறு சதவீத வேலை உறுதி என்றார்கள், கடைசியில் ஒரு பழைய புத்தகத்தின் ஜெராக்ஸைத்தான் கொடுத்தார்கள். சேருவதற்கு முன் இரண்டே கேள்வி கேளுங்கள்: இந்த வருடக் கோடு புத்தகம் வைத்து நடத்துகிறீர்களா, நடத்துபவர் எந்த ஸ்பெஷாலிட்டியில் எத்தனை வருடம் சார்ட் பார்த்தார்? வருடா வருடம் அக்டோபர் 1-ல் கோடு மாறும், ஏப்ரலிலும் கொஞ்சம் மாறும், அதனால் பழைய புத்தகம் என்றாலே எழுந்து வந்துவிடலாம். சான்றிதழுக்கு இங்கே எல்லோரும் முதலில் எழுதுவது சி.பி.சி., ஏ.ஏ.பி.சி. என்ற அமைப்பு நடத்துவது. நான்கு மணி நேரம், 100 கேள்வி, 70 சதவீதம் வாங்க வேண்டும், கோடு புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். பார்த்து எழுதுகிற பரீட்சைதானே என்று போனவர்கள் நிறையப் பேர் நேரம் போதாமல் வெளியே வந்திருக்கிறார்கள். அனுபவம் இல்லாமல் எழுதித் தேறினால் பெயருக்குப் பின்னால் பயிற்சி நிலை என்று ஓர் எழுத்து ஒட்டியிருக்கும், வேலை செய்த பிறகு அது போகும். இன்பேஷன்டுக்குத் தனியாக சி.ஐ.சி., இன்னொரு அமைப்பான ஏ.ஹெச்.ஐ.எம்.ஏ. நடத்தும் சி.சி.எஸ். உண்டு, அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆரம்பச் சம்பளம் சின்னது. சென்னையில் ஹாஸ்டல், பஸ், சாப்பாடு போக வீட்டுக்கு அனுப்ப அதிகம் மிஞ்சாது, முதல் ஒன்றரை வருடத்தைப் படிப்பின் நீட்சி என்றே நினைத்துக்கொள்ள வேண்டும். சான்றிதழும் இன்பேஷன்டும் வந்த பிறகு பேரம் பேசுகிற இடத்துக்கு நாம் வருவோம். டார்கெட் உண்டு, நான் இருந்த இடங்களில் எல்லாம் 95 சதவீதத் துல்லியம் கேட்டார்கள், அதற்குக் கீழே போனால் தனிப் பயிற்சி, மறு ஆடிட், டீம் லீடரின் முகம் மாறும். ஆடிட்டர் தப்பு என்றால் தப்பு என்று ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை, கைட்லைனின் பிரிவு எண்ணைப் போட்டு மறுப்பு எழுதலாம், நான் அப்படி எழுதி ஜெயித்திருக்கிறேன், தோற்றும் இருக்கிறேன், தோற்றபோதுதான் அதிகம் கற்றேன். கண் வலிக்கும், கழுத்து பிடிக்கும். ஆபீஸ் தளத்துக்குள் போன், பேனா, பேப்பர் எதையும் விட மாட்டார்கள், நோயாளியின் விவரம் வெளியே போகக் கூடாது என்ற அமெரிக்கச் சட்டம் அப்படி. சின்னக் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வருகிற பெண்களுக்கு அந்த எட்டு மணி நேரம் போன் இல்லாமல் இருப்பது பெரிய கஷ்டம், அதை யாரும் பேசுவதில்லை.

அப்பாவின் கேள்விக்கு: நைட் ஷிப்ட் என்று அவர் கேள்விப்பட்டிருப்பது பெரும்பாலும் ஏ.ஆர். காலிங். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டுப் பேசுகிற வேலை, அவர்கள் விழித்திருக்கும் நேரத்தில்தான் பேச முடியும் என்பதால் ராத்திரி. இரண்டையும் ஒரே கம்பெனி செய்வதால் வெளியே பார்ப்பவர்களுக்கு ஒன்றாகத் தெரிகிறது. கோடிங்கில் யாரோடும் பேச வேண்டியதில்லை, சார்ட் காத்திருக்கும், அதனால் பெரும்பாலும் பகல்தான். சில பிராசஸில், அதாவது சில ஆஸ்பத்திரிகளுக்கான வேலைகளில், இரண்டு ஷிப்ட் இருக்கும், ஆஃபர் லெட்டர் வாங்கும்போதே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளூர் ஆஸ்பத்திரியில் இந்த வேலை இல்லையா என்றால், பெரிய ஆஸ்பத்திரிகளின் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் இருக்கிறது, நம் இன்ஷூரன்ஸ் படிவத்திலும் ஐ.சி.டி.-10 கோடுக்குக் கட்டம் உண்டு. ஆனால் இங்கே அந்தக் கோடை வைத்துத் தொகை தீர்மானமாவதில்லை, பெரும்பாலும் பேக்கேஜ்தான், அதனால் அங்கே கோடருக்கு இருக்கிற எடை இங்கே இன்னும் வரவில்லை.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒன்று செய்யச் சொல்லுங்கள். ஐ.சி.டி.-10 கோடிங் கைட்லைன் அமெரிக்க அரசின் தளத்திலேயே பி.டி.எஃப்.பாக இலவசமாகக் கிடைக்கிறது, நூறு பக்கத்தைக் கொஞ்சம் தாண்டும். இந்த வருடத்ததை இறக்கி, முதல் பிரிவில் செப்சிஸ் பகுதியை மட்டும் படிக்கட்டும், பிறகு மேலே நான் சொன்ன பாட்டி கதைக்குத் திரும்பி வரட்டும். டாக்டர் க்வெரிக்குப் பதிலாக "ஈ.கோலை சிறுநீர்த் தொற்றினால் வந்த செப்சிஸ், வரும்போதே இருந்தது" என்று எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கோடு முதலில், எது இரண்டாவது, ஏன் என்று ஒரு தாளில் எழுதி உங்களிடம் விளக்கட்டும். பாட்டிக்கு வந்த, ஆளை அடையாளம் தெரியாத அந்தக் குழப்பம்? அதற்கு அவள் கோடு போட்டாளா, போட்டிருந்தால் எந்த டாக்டரின் எந்த வரியை வைத்துப் போட்டாள் என்று கேளுங்கள்.